லாங்ஜிங் தேநீர்: சூட்டைக் கையாளும் கலை

சீனாவின் ஹாங்சோ நகரில், மேற்கு ஏரியைச் சூழ்ந்த குன்றுகளில் மார்ச் இறுதியில் கொழுந்து பறிப்பு மும்முரமாக நடக்கும். ஏப்ரல் 5-ஐ ஒட்டி, முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து வணங்கும் சிங்மிங் நாள் வரும். அதற்கு முன்பே பறித்த கொழுந்தில் செய்த லாங்ஜிங் கிரீன் டீக்குத்தான் சந்தையில் மவுசு. மொட்டும் அதை ஒட்டிய ஒன்றிரண்டு இளம் இலைகளும் மட்டுமே கூடைக்குப் போகும்.

இந்த அவசரத்துக்கு வேதியியல் காரணம் உண்டு. தேயிலைச் செடி தியானின் என்ற அமினோ அமிலத்தைப் பெரும்பாலும் வேரில் தயாரித்துத் தளிருக்கு அனுப்புகிறது. குளிர்காலத்தில் சேமித்தது வசந்தத்தின் முதல் தளிரில் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏறத் தியானின் குறைந்து, கேட்டச்சின் என்ற பாலிஃபீனால்கள் பெருகும். தேநீரில் நாக்கு உணரும் மெல்லிய இனிப்பும் உமாமி சுவையும் தியானின் தருபவை. கசப்பும் துவர்ப்பும் கேட்டச்சின்களின் வேலை.

நொதியை முந்தும் கை

கறுப்புத் தேயிலையும் கிரீன் டீயும் வெவ்வேறு செடிகளில் விளைபவை என்றே ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். தாவரவியல் மேதை லின்னேயஸ்கூட இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். 1840-களில் சீனத் தோட்டங்களை நேரில் பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன், இரண்டும் ஒரே செடியிலிருந்து வருபவை என்று எழுதினார். வேறுபாடு பக்குவத்தில்தான்.

இலை நசுங்கினால் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது கேட்டச்சின்களை ஆக்சிஜனேற்றம் செய்ய, இலை செம்பழுப்பாகும். கறுப்புத் தேயிலைக்கு அது தேவை. கிரீன் டீக்கு ஆகாது. நொதியைச் சூட்டால் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஜப்பானியர் பெரும்பாலும் ஆவியில் வேகவைக்கிறார்கள். லாங்ஜிங் செய்பவர்கள் வாணலியில் வறுக்கிறார்கள்.

பறித்த கொழுந்தை முதலில் சில மணி நேரம் நிழலில் பரப்பி ஈரத்தைக் குறைப்பார்கள். பிறகு சூடேறிய வாணலியில் வெறுங்கையால் வறுப்பார்கள். மந்தமாகச் சூடேறினால் நொதி முந்திக்கொண்டு இலை சிவக்கும். சூடு மிஞ்சினால் விளிம்பு கருகும். அள்ளி உதறுவது ஆவி வெளியேற. அழுத்தித் தேய்ப்பது இலை தட்டையாக. மரபில் இப்படிப் பத்துக் கையசைவுகள் உண்டு. எந்த நொடியில் எதற்கு மாறுவது என்பதை இலையின் ஈரம்தான் கைக்குச் சொல்லும். இடையில் இலையை ஆறவைத்தால் நரம்பில் மிஞ்சிய ஈரம் எங்கும் பரவும். அதன்பின் குறைந்த சூட்டில் இரண்டாம் வறுவல். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து, வறுத்த பயறின் வாசம் எழும். சீனாவின் பாரம்பரியத் தேயிலைத் தயாரிப்பு முறைகளை யுனெஸ்கோ 2022-இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கொதிநீர் வேண்டாம்

இலையைக் காப்பாற்றிய அதே சூடு கோப்பையில் அதைக் கெடுத்துவிடும். தியானின் மிதமான சூட்டிலேயே எளிதாகக் கரையும். கேட்டச்சின்களும் காஃபீனும் நீரின் சூடு கூடக்கூட அதிகமாக இறங்கும். நம் டீக்கடையில் தேயிலையைக் கொதிக்கவிட்டும் வாய் இழுக்காததற்குப் பாலும் ஒரு காரணம். அதன் புரதங்கள் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்கின்றன. பாலில்லாத கிரீன் டீயில் பாலிஃபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடிக்கும். வழவழப்புப் போய் வாய் உலர்ந்ததுபோலாகும். அறுசுவையில் நாம் சேர்த்திருக்கும் துவர்ப்பை அறிவியலாளர் பலர் தொடுவுணர்வாகக் கருதுவது இதனால்தான்.

மூன்று கிராம் இலைக்கு 150 மில்லி நீர், 80 டிகிரி செல்சியஸ், இரண்டு நிமிடம்: தொடங்குவதற்கு இந்தக் கணக்குப் போதும். வெப்பமானி இல்லையா? கொதித்த நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிச் சற்று ஆறவிடுங்கள். கண்ணாடி டம்ளரை மூடாமல் வையுங்கள். மூடிவைத்த வெப்பத்தில் பச்சையம் சிதைந்து நிறம் மங்கும். கடினநீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் தேநீரைக் கலங்கச் செய்து மேலே ஆடை படியவிடும். எட்டாம் நூற்றாண்டில் தேநீர் நூல் எழுதிய லூ யூ, மலை நீரை முதலிலும் கிணற்று நீரைக் கடைசியிலும் வைத்தார்.

முழுவதும் குடித்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கை விட்டு மீண்டும் நீர் ஊற்றலாம்; ஒரே இலை மூன்று முறை தாங்கும். உறிஞ்சும்போது கொஞ்சம் காற்றையும் சேர்த்து இழுத்தால், வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

தொழில்முறைச் சுவைஞர்கள் மட்டும் இதற்கு நேரெதிர். தேநீர்ச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3103 தரநிலை, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் வீதம் இலையை ஆறு நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. அவர்கள் தேடுவது குறைகளை: கருகல், புகை, சிவந்த இலையின் வாடை. கொதிநீரில் எதுவும் ஒளியாது. விலை உயர்ந்த கிரீன் டீ வாங்கும் முன் மாதிரி கிடைத்தால், அதை ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். தேறினால் வாங்கி, 80 டிகிரியில் குடியுங்கள்.