குடிநீர்க் கருவியும் குழாய்களின் வரிசையும்

அலுவலின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தமிழகத்தினின்றும் திருவனந்தபுரத்திற்குக் குடிபெயர்ந்து வரும் நம்மில் பலர், வீட்டுச் சாமான்களோடு ஆர்.ஓ. எனப்படும் குடிநீர்க் கருவியையும் கொணர்கிறோம். பழைய ஊரில் நன்கு உழைத்த கருவி, புது வீட்டுச் சுவரில் மாட்டப்பெற்றதும் தொல்லை தரத் தொடங்குகிறது. நல்ல நீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. அல்லது கழிவுக் குழாய் ஓயாது ஓடுகிறது. அல்லது நீரின் சுவை மாறிவிடுகிறது. மெம்பிரேன் கெட்டுவிட்டதென்று கருதிப் பணம் செலவிட்டுப் புதியது வாங்குகிறோம். ஆனால் பல வேளைகளில் பழுது மெம்பிரேனில் இல்லை. குழாய்களை இணைத்த முறையிலேயே இருக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ளக் கருவியின் தத்துவத்தை அறிதல் வேண்டும். உப்புக் கரைந்த நீரை ஒரு மெல்லிய சவ்வின்மீது அழுத்தத்துடன் செலுத்தினால், நீர் சவ்வைக் கடந்து செல்லும். உப்பின் பெரும்பகுதி எஞ்சிய நீரோடு வேறு வழியே வெளியேறும். இதற்கேற்ற சவ்வை 1960-ஆம் ஆண்டையொட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீனிவாச சௌரிராஜனும் உருவாக்கினர். எனவே இக்கருவிக்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று அழுத்தம், மற்றொன்று நீர் செல்லும் வரிசை.

சோதனையைத் தொடங்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, நீர்க்குழாயை மூடிவிட வேண்டும். முதலில் வரிசையைப் பார்ப்போம். நீர் தூசு வடிகட்டியையும் கரி வடிகட்டியையும் கடந்த பின்னரே மெம்பிரேனை அடைதல் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் இன்றைய சவ்வுகளைச் சிதைக்க வல்லது. அதனை நீக்குவது கரியே. புதிய கரி வடிகட்டியினின்றும் முதலில் கருந்தூள் வரும். நீர் தெளியும்வரை அதனை வாளியில் விட்டு, அதன் பிறகே மெம்பிரேனோடு இணைக்க வேண்டும்.

அடுத்து, மெம்பிரேன் இருக்கும் கூட்டைக் கவனிப்போம். ஒரு முனையில் நீர் உட்புகும் துவாரம் ஒன்று. மறுமுனையில் இரண்டு துவாரங்கள். அவ்விரண்டில் நடுவிலுள்ளது நல்ல நீருக்கு, ஓரத்திலுள்ளது கழிவு நீருக்கு. இவ்விரு குழாய்களும் இடம் மாறினால் தொட்டி விரைவில் நிரம்பும். ஆனால் உப்புக் குறைந்திராது. மெம்பிரேன் முழுதும் உட்செல்லாமலோ, அதன் ரப்பர் வளையம் மடங்கியோ இருந்தால் நீர் பக்கவாட்டில் நழுவிச் சென்றுவிடும்.

கழிவுக் குழாயில் எஃப்.ஆர். என்று மெக்கானிக்குகள் குறிப்பிடும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. கழிவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி அழுத்தத்தை நிலைநிறுத்துவது அதுவே. அது விடுபட்டால் நீரெல்லாம் கழிவாகும். அடைத்துக்கொண்டால் சவ்வில் உப்புப் படியும். தொட்டி நிறைந்த பின்னும் கழிவு நீர் ஓடுமாயின், நீர்வரத்தை நிறுத்தும் சோலினாய்டு வால்வையும் தொட்டியின் மிதவையையும் சோதித்தல் வேண்டும்.

இவற்றைச் சீர்செய்து, முதல் தொட்டி நீரைக் கொட்டிவிட்டு, டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பார்க்கலாம். குழாய் நீரில் 500 என்று காட்டினால், நல்ல நீரில் ஏறத்தாழ 50 காட்டுதல் நன்று. அவ்வளவு குறையாவிடில், உப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு மிகுதியாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே மெம்பிரேனை ஐயுறுதல் வேண்டும்.

இனி, முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் இக்கருவி நமக்குத் தேவைதானா? 1933-ஆம் ஆண்டில் தொடங்கிய குடிநீர்த் திட்டத்தின் வழியே அருவிக்கரையிலிருந்து இந்நகருக்கு வருவது கரமனை ஆற்று நீர். நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் போன்று அது உப்புச் செறிந்ததன்று. உள்ள சிறிதளவு உப்பையும் நீக்கினால் நீர் சப்பென்று ஆகும். அது கருவியின் பழுதன்று. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புள்ள இடங்களில் ஆர்.ஓ. முறையைத் தடை செய்யுமாறு 2019-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு அறிவுறுத்தியதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாவது வீட்டுக் கருவிகளில் வழக்கம் அன்றோ?

ஆயினும் மீட்டர் அளப்பது உப்பையே. நோய்க் கிருமிகளை அன்று. எண் குறைவாக இருப்பினும் கிணற்று நீரைக் காய்ச்சாமல் பருகலாகாது. இவ்வூரார் பதிமுகமோ சீரகமோ இட்டு நீரைக் கொதிக்க வைத்துப் பருகும் வழக்கம் நாமும் மேற்கொள்ளத்தக்கது. கடலோரக் கிணறுகளில் உப்பேறியிருந்தால் மட்டும் காய்ச்சுதல் போதாது, அங்கே ஆர்.ஓ. உதவும். ஆதலின் புது வீட்டிற்கு வந்ததும் முதலில் நீரை அளப்போம். கருவியை மாட்டுவதா வேண்டாவா என்பதை அதன் பிறகே தீர்மானிப்போம்.