சாமை இருக்கு, மிஷின் இருக்கு, கரண்டு வரணும்

கார்த்திகை கடைசியில் எங்க களத்தில் சாமை அடித்து முடித்தோம். ஒன்பது மூட்டை. ஒரு பிடி யூரியா போட்டதில்லை, மருந்து தெளித்ததில்லை. அதில் ஏழு மூட்டையை உமியோடு அப்படியே வியாபாரிக்குப் போட்டுவிட்டு, நாங்கள் ரேஷன் அரிசி சாப்பிடுகிறோம். ஜவ்வாது மலையில் எங்க ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை.

காரணம் சாமையின் உமிதான். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து ஒரு மரக்கால் அரிசியாக்க பெரியம்மாவுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். நூறு கிலோ சாமையில் சுமார் அறுபது கிலோ அரிசி கிடைக்கும். அரிசியாக விற்றால்தான் விலை. தவிடு மாட்டுக்கு மிஞ்சும். உமியோடு விற்றால் இரண்டும் போச்சு.

மூணு வருஷத்துக்கு முன் சங்கத்துக்கு உமி நீக்கும் மிஷின் வந்தது. அது ஓட த்ரீ பேஸ் வேணும். ஊரில் இருப்பதோ வீட்டு விளக்குக்கான சிங்கிள் பேஸ். புது லைன் இழுக்க காப்புக்காட்டைத் தாண்டணும். ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீசைக் கை காட்டினார்கள். மிஷின் சாக்கு போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அதன் அடியில் கோழி முட்டையிடுகிறது!

தார் ரோட்டுக்கு 4 கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்தால் டிராக்டரும் ஏறாது. பிஜிஎஸ் இயற்கைச் சான்றுக்கு ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் குழு அமைக்கலாம் என்றார்கள், சேர்ந்தோம். ஆனால் பதிவு எல்லாம் இணையத்தில். ஓடிபி வர பாறை மேல் ஏறி நிற்கணும். இதே மலையில் காவலூரில் 1986லிருந்து பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்து டவர் எட்டவில்லை.

பிறகுதான் வன உரிமைச் சட்டம், 2006 பற்றிக் கூட்டம் போட்டுப் படித்தோம். அதன் 3(2) பிரிவில் 13 பொது வசதிகள் சொல்லியிருக்கு. ரோடு, மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வன நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்கணும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்கணும். கணக்குப் போட்டோம். காட்டுக்குள் போகும் பாதை 2 கிலோமீட்டர். 4 மீட்டர் அகலம் வைத்தால் 0.8 ஹெக்டேர்தான்!

தீர்மானம் போடுவதற்கு முன் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார்: "ரோடு வந்தா சாமை மட்டுமா கீழ எறங்கும்? யூரியா மூட்டையும் மேல ஏறும் தம்பி. அப்ப என்ன செய்வீங்க?" யாரும் பேசவில்லை. ரோட்டோர ஊர்களில் சாமைக் காடு குறைந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அன்று இரவே சங்க நோட்டில் எழுதினோம். ஒவ்வொரு வீடும் இரண்டு படி சாமை விதை எடுத்து வைக்கணும். மிஷின் ஓடினால் முதலில் வீட்டுக்கான அரிசி, அப்புறம்தான் விற்பனை. சங்கத்துப் பேரில் ரசாயன உரம் ஏற்றி வரக் கூடாது. பெரியம்மா கைநாட்டு வைத்தார். அப்புறம்தான் கிராம சபைக்குப் போனோம்.

உங்க ஊருக்கும் இந்த நிலைமை என்றால் ஒரு விஷயம். இந்தத் தீர்மானத்துக்கு கிராம சபையில் பாதிப் பேராவது வந்திருக்கணும். வேலை செய்யப்போகும் துறை முன்மொழிவு தரணும். ரேஞ்சர் இடத்தைப் பார்வையிட்ட பிறகு மாவட்ட வன அலுவலர் முடிவு செய்வார். அவருக்கு உடன்பாடு இல்லையென்றால் அதோடு முடிந்துவிடாது, மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும். ரோட்டுக்குத் தனி, மின்கம்பிக்குத் தனி மனு போடுங்கள். தீர்மான நகலைக் கையில் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். முதல் தடவை நாங்கள் அப்படி வந்துதான் ஒரு வருஷம் வீணாச்சு.

போன மாதம் அளக்க வந்தார்கள். மின்கம்பிப் பாதையில் வெட்ட வேண்டிய மரம் பதினொன்று. பெரியம்மா கூடவே நடந்து எண்ணினார். இரண்டு கடுக்காய் மரத்துக்குப் பக்கத்தில் நின்று, "கம்பியைக் கொஞ்சம் வளைச்சுப் போடுங்க சாமி" என்றார். இப்போது கணக்கு ஒன்பது.

உத்தரவு இன்னும் வரவில்லை. விதை மட்டும் எல்லா வீட்டிலும் குதிருக்குள் பத்திரமா இருக்கு.