33 மணி நேர வேலையா, கைப்பழக்கமா? இளம் அறுவை மருத்துவர்களின் பயிற்சியில் உள்ள சிக்கல்

செந்தூல் – காலை 8 மணிக்கு வேலைக்குப் போகும் ஒருவர், மறுநாள் மாலை 5 மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். கணக்குப் பார்த்தால் 33 மணி நேரம். தொழிற்சாலையில் ஒருவரை இப்படி வேலை வாங்கினால் புகார் எழும். ஆனால், நம் அரசாங்க மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஆன்-கால் பணியில் இருக்கும் மருத்துவ அதிகாரிகளுக்கு இது பல ஆண்டுகளாகப் பழகிப்போன ஒன்று.

இதை மாற்ற சுகாதார அமைச்சு முயன்றது. ஷிப்ட் முறையைக் கொண்டுவந்து, தொடர்ச்சியான பணியை 18 மணி நேரத்துக்குள் நிறுத்துவது திட்டம். 2025 பிப்ரவரி 1ஆம் தேதி ஏழு மருத்துவமனைகளில் சோதனை முறையாகத் தொடங்குவதாக இருந்தது. தொடங்குவதற்கு முன்பே அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் மருத்துவர்களே. மலேசிய மருத்துவர் சங்கமும் வேண்டாம் என்றது.

வேலை நேரத்தைக் குறைக்கிறோம் என்றால் வேண்டாம் என்பார்களா? செய்தியைப் படித்த பலருக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். ஆன்-கால் அலவன்ஸ் குறையும் என்ற கவலை இருந்தது உண்மை. ஷிப்டுகளை நிரப்ப ஆள் எங்கே என்ற கேள்வியும் இருந்தது. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதுதான் வெளியே அதிகம் பேசப்படவில்லை: பயிற்சி.

அறுவை சிகிச்சை என்பது கைத்தொழில். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த அளவைப் புத்தகத்தில் எழுதி வைக்க முடியாது. செந்தூல் ரயில்வே பட்டறையில் தொழில் பழகிய நம் பெரியவர்களும் இதையேதான் சொல்வார்கள். திசுவை எவ்வளவு இழுக்கலாம், நூலை எவ்வளவு இறுக்கலாம், ரத்தம் பீறிடும்போது விரலை எங்கே வைத்து அழுத்துவது என்பதெல்லாம் கை தெரிந்துகொள்ள வேண்டியவை. பலமுறை செய்தால்தான் அது வரும்.

அந்த வாய்ப்பு பெரும்பாலும் இரவில்தான் கிடைக்கிறது. முன்கூட்டியே தேதி குறித்துப் பகலில் நடக்கும் பெரிய அறுவை சிகிச்சைகளை நிபுணர்கள் செய்வார்கள். வெடித்த குடல்வால், ஓட்டை விழுந்த வயிற்றுப்புண், மோட்டார் சைக்கிள் விபத்தில் வயிற்றில் அடிபட்டவர் என்று வருபவை நேரம் பார்த்து வருவதில்லை. இரவு 11 மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் வயிற்றுவலிக்காரரைப் பரிசோதிக்கும் இளம் மருத்துவர், அதிகாலை 3 மணிக்கு அறுவைக் கூடத்தில் நிற்கிறார். காலையில் வார்டில் அதே நோயாளியின் வயிற்றை மீண்டும் தொட்டுப் பார்க்கிறார். தாம் நினைத்தது சரியா, போட்ட தையல் தாங்குகிறதா என்பது அப்போது தெரியும். ஷிப்ட் முறையில் ஒருவர் பரிசோதிப்பார், வேறொருவர் அறுவை செய்வார், மூன்றாமவர் மறுநாள் பார்ப்பார். மூவருக்குமே பாடம் பாதிதான்.

அதற்காக 33 மணி நேரம் சரியா? இல்லை. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையின்படி, 24 மணி நேரம் தூங்காதவரின் செயல்திறன், ரத்தத்தில் சுமார் 0.10 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது. நம் நாட்டில் 2020 முதல் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 0.05 விழுக்காடு. அதாவது, போலீஸ் பிடிக்கும் அளவைப்போல் இரு மடங்கு. அந்த நிலையில் உள்ளவர் கையில் கத்தியைக் கொடுக்கிறோம். பிறகு அவரே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகிறார். பணி முடிந்து திரும்பும் வழியில் இளம் மருத்துவர்கள் விபத்தில் சிக்கிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

மற்ற நாடுகளும் இந்த இழுபறியைப் பார்த்திருக்கின்றன. பிரிட்டனில் 2009 ஆகஸ்ட் முதல் இளம் மருத்துவர்களின் வேலை வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரம் என்று கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2004இல், அறுவை மருத்துவர்கள் சிலர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். பயிற்சி ஆண்டுகளும் வேலை நேரமும் சேர்ந்து குறைவதால், ஒருவர் நிபுணராவதற்கு முன் பெறும் பயிற்சி ஏறக்குறைய 30,000 மணி நேரத்திலிருந்து 6,000 மணி நேரமாகச் சுருங்கும் என்பது அவர்கள் எச்சரிக்கை.

அமெரிக்காவில் கதை வேறு. 1984இல் நியூயார்க் மருத்துவமனையில் லிபி சயோன் என்ற 18 வயதுப் பெண் இறந்ததும், களைத்துப்போன பயிற்சி மருத்துவர்கள் பற்றிய விவாதம் பெரிதாக வெடித்தது. 2003இல் நாடு முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு வந்தது. 2011இல் முதலாண்டு பயிற்சி மருத்துவர்கள் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றார்கள். பிறகு 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவில் கண்டிப்பான ஷிப்ட் விதிகள்; மறு பிரிவில், வாரத்துக்கு 80 மணி நேரம் தாண்டாமல், ஷிப்ட் நீளத்தில் நெகிழ்வு. 2016இல் முடிவு வெளியானது. நோயாளிகளின் மரணத்திலோ கடுமையான சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால், நேரம் முடிந்ததால் அறுவை சிகிச்சையின் பாதியிலேயே வெளியேற நேர்ந்ததாகச் சொன்னவர்கள் கண்டிப்பான பிரிவில் 13.2 விழுக்காடு, நெகிழ்வான பிரிவில் 7 விழுக்காடு. 2017இல் 16 மணி நேர விதி விலக்கிக்கொள்ளப்பட்டது.

பிரிட்டனுக்கே திரும்புவோம். அங்கு 2010இல் பேராசிரியர் ஜான் டெம்பிள் தந்த அறிக்கையில்தான் எனக்கு விடை தெரிகிறது. 48 மணி நேரத்துக்குள்ளும் நல்ல பயிற்சி கொடுக்க முடியும் என்கிறது அது. ஆனால், இரவு வேலைகளைத் தள்ளிவிடும் ஆளாகப் பயிற்சியாளரைப் பயன்படுத்திக்கொண்டு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க மூத்தவர் இல்லாமல் விட்டால் முடியாது.

நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த 33 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் அறுவைக் கூடத்தில் கழிகிறது? ரத்தம் எடுப்பது, பாரம் நிரப்புவது, ஸ்கேன் தேதிக்காகத் தொலைபேசியில் காத்திருப்பது, டிஸ்சார்ஜ் கடிதம் எழுதுவது எல்லாம் அதே மணிக்கணக்கில்தான் சேர்கின்றன. இவற்றைச் செய்ய வேறு ஆளை வைக்காமல் ஷிப்டை மட்டும் குறைத்தால், எழுத்துவேலை அப்படியே நிற்கும். குறைவது கத்தி பிடிக்கும் நேரம்தான். பிப்ரவரித் திட்டத்தைக் கண்டு மருத்துவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். பழைய முறை நல்லது என்பது அதற்குப் பொருளல்ல.

நமக்கு முன் அனுபவமும் உண்டு. ஹவுஸ்மேன் பயிற்சி 2008இல் ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் அவர்களுக்கு ஷிப்ட் முறை வந்தது. ஆறு பிரிவுகளில் தலா நான்கு மாதம் என்றால், அறுவை சிகிச்சைக்குக் கிடைப்பது நான்கே மாதம். அந்தக் காலத்தில் மருத்துவக் கல்லூரிகள் பெருகி, ஒரே வார்டில் பல ஹவுஸ்மேன்கள் குவிந்தார்கள். வந்த நோயாளிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர்களின் திறமை குறைந்துவிட்டதாக மூத்தவர்கள் குறைபட்டபோது, ஷிப்டின் மேல் மட்டும் பழி விழுந்தது. கூட்டம் கூடியதை அவ்வளவாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளை இருந்தால், எத்தனை மணி நேரம் வேலை என்று மட்டும் கேட்காதீர்கள். லாக் புக்கில் எத்தனை சிகிச்சைகளைக் கையால் செய்ததாகக் கையொப்பம் வாங்கியிருக்கிறார், அருகில் நிபுணர் இருந்தாரா என்றும் கேளுங்கள். நோயாளியாகப் போகிறவர்களுக்கும் ஒன்று: "சின்னப் பையன்தான் வெட்டப் போறானா?" என்ற பயம் நம்மவர்களுக்கு இயல்பு. சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன், யார் அறுவை செய்வார், யார் மேற்பார்வை செய்வார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.