காவலன் கையில் செங்கோல்: கொடுங்கோலர்களான சூப்பர் ஹீரோக்கள்

"நல்லவன் ஒருவன் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." இந்தப் பேச்சை மாமாக் கடை மேசையிலும் உறவினர் வீட்டுத் திருமணத்திலும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நாமே சில வேளைகளில் சொல்லியும் இருப்போம். ஊழலைக் காணும்போதும் குற்றவாளி தப்பிப்பதைக் காணும்போதும் இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால், அப்படிக் கொடுத்த பிறகு என்ன நடக்கும்? இக்கேள்விக்கு அரசியல் நூல்கள் மட்டுமல்ல, சிறுவர்களுக்கானவை என்று நாம் ஒதுக்கிவைக்கும் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களும் விடை தேடியிருக்கின்றன. மக்களைக் காக்க வந்த சூப்பர் ஹீரோவே மக்களை அடக்கி ஆள்பவனாக மாறும் கதைகள் அங்கே தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் சூப்பர்மேன் ஒரு தீயவன்

சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இருவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களாக இருந்தபோது, தாங்களே தயாரித்த ஒரு சிற்றிதழில் 1933-ஆம் ஆண்டு அவர்கள் ஒரு கதையை வெளியிட்டனர். சீகல் எழுதினார்; ஷஸ்டர் படம் வரைந்தார். அக்கதையில் ஓர் அறிவியலாளர், உணவுக்காக வரிசையில் நிற்கும் ஓர் ஏழையை அழைத்து வந்து புதிய மருந்து ஒன்றைக் கொடுக்கிறார். பிறர் மனத்தை அறியும் ஆற்றல் அவனுக்குக் கிடைக்கிறது. அவன் செய்த முதல் வேலை பணம் சேர்த்தது. அடுத்து, உலகையே ஆள நினைத்தான். மருந்தின் வேகம் குறைந்ததும் பழையபடி ஏழையாகத் தெருவுக்குத் திரும்பினான். அவனுக்கு அவர்கள் இட்ட பெயர்தான் சூப்பர்மேன்!

நாம் அறிந்த சூப்பர்மேன் 1938-ஆம் ஆண்டு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் தோன்றினான். அவன் நல்லவன், எளியவர் பக்கம் நின்றவன். எனினும், சட்டத்திற்குக் கட்டுப்பட்டவன் என்று சொல்லிவிட முடியாது. 1939-இல் வந்த ஒரு கதையில், சேரிப் பகுதியின் பாழடைந்த வீடுகளை அவனே இடித்துத் தள்ளுகிறான். இடித்துவிட்டால் அரசாங்கம் வேறு வழியின்றிப் புதிய வீடுகளைக் கட்டித்தானே ஆக வேண்டும்! கதையில் அது வெற்றியாகவே முடிகிறது. படிக்கும் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும், அங்கு வாழ்ந்தவர்களிடம் அவன் ஒரு வார்த்தை கேட்டானா என்ற ஐயம் எழாமல் இல்லை.

இந்த ஐயத்தை வெளிப்படையாகப் பேசக் காமிக்ஸ் உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது. 1954-இல் அமெரிக்கப் பதிப்பகங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித் தொகுப்பை வகுத்துக்கொண்டன. ஒவ்வொரு கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும், காவல்துறை, நீதிபதி, அரசாங்கம் ஆகியவற்றின் மீது மதிப்புக் குறையும்படி எழுதக் கூடாது என்பன அதன் விதிகளுள் சில. நாயகன் எப்போதும் நல்லவன், அதிகாரம் எப்போதும் நேர்மையானது என்ற நிலையில் ஆழமான கேள்விகளுக்கு இடமேது? 1980-களில் அந்தப் பிடி தளர்ந்திருந்தது. அப்போதுதான் நமது தலைப்புக்குரிய கதைகள் பிறந்தன.

ஸ்குவாட்ரன் சுப்ரீம்: நல்லெண்ணத்தில் தொடங்கிய ஆட்சி

இவ்வகைக் கதைகளுள் முதன்மையாகக் கருதத்தக்கது 'ஸ்குவாட்ரன் சுப்ரீம்'. மார்க் குருன்வால்ட் எழுதிய இத்தொடர், மார்வெல் நிறுவனத்தின் வெளியீடாக 1985, 1986-ஆம் ஆண்டுகளில் 12 இதழ்களாக வந்தது. தம் எழுத்தின்மீது அவர் கொண்டிருந்த பற்று வியப்பூட்டுவது. 1996-இல் அவர் மறைந்த பின், அவருடைய விருப்பப்படியே அவரது அஸ்தி அச்சு மையில் கலக்கப்பட்டு இத்தொடரின் நூல் பதிப்பு அச்சிடப்பட்டது.

கதை வேறோர் உலகில் நடக்கிறது. தீய சக்தி ஒன்று நாயகர்களின் மனத்தைக் கட்டுப்படுத்தி நாட்டைச் சீரழித்துவிடுகிறது. விடுபட்ட நாயகர்கள் சிதைந்த நாட்டைப் பார்த்து வருந்துகிறார்கள். பசி, நோய், குற்றம், போர் அனைத்தையும் ஒழிக்க ஆட்சிப் பொறுப்பைத் தாங்களே ஏற்பது என்று முடிவெடுக்கிறார்கள். தலைவன் ஹைப்பீரியன், சூப்பர்மேனை ஒத்தவன். இம்முடிவை எதிர்ப்பவன் நைட்ஹாக். அவனே அப்போதைய அமெரிக்க அதிபர். ஹைப்பீரியனைக் கொன்றாவது இதைத் தடுக்க வேண்டுமென்று துப்பாக்கியோடு வருகிறான். ஆனால், நண்பனைச் சுட மனம் வரவில்லை. பதவியைத் துறந்து விலகிச் செல்கிறான்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, ஆட்சியைப் பிடித்தவர்களில் பேராசைக்காரர் எவருமில்லை என்பதே. அவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள். பொதுமக்களிடமுள்ள துப்பாக்கிகள் பறிக்கப்படுகின்றன, குற்றங்கள் குறைகின்றன. குழுவின் அறிவியலாளன் டாம் தம்ப், குற்றவாளிகளின் மனத்தை மாற்றியமைக்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். சிறையில் அடைப்பதைவிட மனிதனைத் திருத்துவது நல்லதல்லவா என்பது அவர்களின் வாதம். பிடிபட்ட தீயோர் கூட்டமொன்று இக்கருவியால் மாற்றப்பட்டு, ஸ்குவாட்ரனிலேயே புதிய உறுப்பினர்களாகச் சேர்க்கப்படுகிறது.

அடுத்து நடப்பதுதான் கதையின் உயிர்நாடி. கோல்டன் ஆர்ச்சர் என்னும் நாயகன், லேடி லார்க் என்னும் சக நாயகியைக் காதலிக்கிறான். அவனை மணக்க அவள் மறுக்கிறாள். அவன் இரவோடு இரவாக அக்கருவியை அவள்மீது பயன்படுத்தி, தன்னையே விரும்பும்படி அவள் மனத்தை மாற்றிவிடுகிறான். உண்மை வெளிவந்ததும் குழு கொதித்தெழுந்து அவனை வெளியேற்றுகிறது. ஆனால், குற்றவாளிகளுக்குச் செய்ததும் இதுதானே? தங்களுள் ஒருத்திக்கு நேர்ந்தபோது கொடுமையாகத் தெரிந்தது, மற்றவர்களுக்கு நேர்ந்தபோது சீர்திருத்தமாகத் தெரிந்தது. அதிகாரம் கண்ணை மறைக்கும் விதத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முடிவில், நைட்ஹாக் தன் ஆட்களோடு திரும்பி வந்து பழைய நண்பர்களையே எதிர்க்கிறான். இரு தரப்பிலும் உயிர்கள் பலியாகின்றன, நைட்ஹாக்கும் இறக்கிறான். அவன் முன்வைத்த வாதம் எளிமையானது. நீங்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால், நீங்கள் கட்டியெழுப்பிய இந்த இயந்திரம் நாளை யார் கைக்குப் போகும்? ஹைப்பீரியனால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. தவற்றை உணர்ந்து ஆட்சியைக் கைவிடுகிறான்.

நான்கு படிகள்

இதற்குப் பின் வந்த கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், நாயகன் கொடுங்கோலனாகும் பாதையில் நான்கு படிகள் தெரிகின்றன.

முதற்படி, பேரிழப்பு. 2013-இல் வெளிவந்த 'இன்ஜஸ்டிஸ்' விளையாட்டிலும் அதன் காமிக்ஸ் தொடரிலும், ஜோக்கரின் சூழ்ச்சியால் சூப்பர்மேன் தன் கர்ப்பிணி மனைவியைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான். அவன் நகரமும் அணுகுண்டால் அழிகிறது. ஆத்திரத்தில் ஜோக்கரைக் கொல்கிறான். அந்தக் கணத்தில் அவனைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. அதுவே ஆபத்து.

இரண்டாம் படி, உண்மையான வெற்றி. அவன் உலகப் போர்களை நிறுத்தச் சொல்கிறான். யாரால் மறுக்க முடியும்? மக்களில் பலர் நன்றியோடு வரவேற்கிறார்கள். கொடுங்கோல் முதலில் பரிசோடுதான் வருகிறது.

மூன்றாம் படி, எதிரியின் இலக்கணம் விரிவடைவது. நேற்று கொலைகாரன் எதிரி. இன்று கேள்வி கேட்பவனும் எதிரி. 2003-இல் வந்த 'ரெட் சன்' தொடரில், குழந்தை சூப்பர்மேனின் விண்கலம் அமெரிக்காவிற்குப் பதிலாகச் சோவியத் உக்ரைனில் விழுகிறது. வளர்ந்து அவன் சோவியத் தலைவனாகிறான். அவனது ஆட்சியில் பசியில்லை, விபத்துமில்லை. ஆனால், எதிர்ப்போரின் மூளை மாற்றப்பட்டு அவர்கள் பொம்மைகளைப்போல் ஆக்கப்படுகிறார்கள்.

நான்காம் படி, திரும்பும் வழி அடைபடுவது. ஆட்சியை எப்போது ஒப்படைப்பது என்ற கேள்விக்கு, இன்னும் வேலை முடியவில்லை என்பதே எப்போதும் பதில். உலகில் தீமை முழுதாக ஒழியும் நாள் வரப்போவதில்லை. எனவே அந்த வேலையும் முடியப்போவதில்லை.

எதிர்வாதத்தில் நியாயம் இல்லையா?

இக்கதைகளைப் பற்றி நண்பர்களிடம் பேசினால், பாதிப்பேர் கொடுங்கோல் சூப்பர்மேனின் பக்கமே நிற்பார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவனைச் சிறையில் அடைத்து, அவன் தப்பித்து மேலும் ஆயிரம் பேரைக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதா நன்மை என்பது அவர்களின் கேள்வி. இதை எளிதில் தள்ளிவிட இயலாது.

இவ்வாதத்தை நேர்மையாக எதிர்கொண்டது, 2003-இல் ஒளிபரப்பான 'ஜஸ்டிஸ் லீக்' கேலிச்சித்திரத் தொடரின் இரு பகுதிக் கதை. இன்னோர் உலகில் சூப்பர்மேன், அணுவாயுதப் போருக்குத் துணிந்த அதிபர் லெக்ஸ் லூதரைக் கொல்கிறான். பின்னர் நாயகர்களே உலகை ஆள்கிறார்கள். நம் உலகின் பேட்மேன் அங்கே சென்று, அந்த உலகின் பேட்மேனோடு மோதுகிறான். அவன் சொல்கிறான்: இங்கே எந்தச் சிறுவனும் துப்பாக்கிக்காரனிடம் தன் பெற்றோரை இழக்க மாட்டான். சிறுவயதில் பெற்றோரை அப்படி இழந்தவன்தானே பேட்மேன்? வாதத்தில் தோற்று அவன் வாயடைத்து நிற்கிறான்.

பிறகு இருவரும் தூய்மையான அந்நகரத்தினூடே காரில் செல்கிறார்கள். உணவகமொன்றில் விலைச்சீட்டில் தவறு இருப்பதாக ஒருவர் முறையிடுகிறார். காவலர்கள் வந்து அவரைக் கைது செய்துகொண்டு போகிறார்கள். நம் பேட்மேன் அமைதியாகச் சொல்கிறான்: அம்மாவும் அப்பாவும் இந்த ஊரைக் கண்டால் பெருமைப்படுவார்கள், இல்லையா? வாதத்தில் வென்றவனின் மனம் அங்கே மாறுகிறது.

ஓர் உணவு விலைச்சீட்டு! பெரிய புரட்சியாளர் எவரும் அங்கே கைதாகவில்லை. கணக்குத் தவறு என்று சொன்ன ஒரு சாதாரண மனிதர்தான் கைதானார். பாதுகாப்புக்காக நாம் கொடுக்கும் விலை, கடைசியில் யாரிடம் வசூலிக்கப்படும் என்பதை அந்தச் சிறு காட்சி உணர்த்திவிடுகிறது. கொலைகாரனுக்காகச் செய்யப்பட்ட சங்கிலி, முறையிடுபவனின் கைக்கும் பொருந்தும்.

தன்மீதே காவல் வைப்பவன்

அப்படியானால், நாயகனுக்கும் கொடுங்கோலனுக்கும் என்ன வேறுபாடு? ஆற்றலில் இருவரும் ஒன்றே. நல்லெண்ணத்திலும் தொடக்கத்தில் வேறுபாடில்லை. விடை 1990-இல் வந்த ஒரு சூப்பர்மேன் கதையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சூப்பர்மேனைக் கொல்லவல்ல பொருள் கிரிப்டோனைட். அக்கல் பதித்த மோதிரம் ஒன்று அவன் கைக்கு வருகிறது. அவன் அதை அழித்துவிடவில்லை, பேட்மேனிடம் கொடுக்கிறான். என்றாவது ஒருநாள் தான் கெட்டுப்போனாலோ பிறரால் ஆட்டுவிக்கப்பட்டாலோ, தன்னைத் தடுத்து நிறுத்த ஒருவர் வேண்டும் என்பது அவனது எண்ணம்.

தன்னைத் தடுக்கும் கருவியைத் தானே பிறர் கையில் ஒப்படைப்பவன் நாயகன். அக்கருவிகளை ஒவ்வொன்றாகப் பறிப்பவன் கொடுங்கோலன். தேர்தல், நீதிமன்றம், பத்திரிகை, கேள்வி கேட்கும் மாணவர் என நம் உலகின் கிரிப்டோனைட் மோதிரங்கள் பல. அவை நல்ல தலைவர்களுக்கும் தொல்லை தருபவைதாம். அதற்காகத்தான் அவை இருக்கின்றன.

நாளை நாமும் ஆசிரியராக, அதிகாரியாக, இயக்கத் தலைவராக, பெற்றோராக ஏதோவொரு சிறு அதிகாரத்தைக் கையில் ஏந்தப்போகிறோம். நம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறத் தேவையில்லை. ஆனால், அதை மட்டுமே நம்பிவிடாமல், நம்மைப் பார்த்து "இது தவறு" என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒருவரையாவது அருகில் வைத்துக்கொள்வோம். வலியவனைத் தேடும் சமுதாயம், அவனிடமிருந்து மோதிரத்தைக் கேட்டு வாங்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.