.22 பயிற்சித் துப்பாக்கி

.22 பயிற்சித் துப்பாக்கி என்பது போர்த் துப்பாக்கியின் அமைப்பைக் கொண்டு, சிறிய ரிம்ஃபயர் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி ஆகும். 1948இல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையில் மாணவர்கள் .22 துப்பாக்கியில் சுடப் பழகுகின்றனர்.

தோட்டா

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கும். சுடுமுள் விளிம்பை நசுக்கியதும் அது பற்றிக்கொள்ளும். நசுங்குவதற்கு ஏற்ப உறை மெல்லியதாக இருப்பதால் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. .303 தோட்டாவின் குண்டு சுமார் 11.3 கிராம், 1887இல் வந்த.22 லாங் ரைஃபிள் குண்டு சுமார் 2.6 கிராம். எனவே உதைப்பும் செலவும் குறைவு.

வரலாறு

மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளைத் தயாரித்தது. பிரித்தானியர் இவ்வகைத் துப்பாக்கிகளில் .22 குழல் பொருத்திப் பயிற்சிக்கு மாற்றினர். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் இட வேண்டும். பிடிக்கும் முறையும் குறிபார்க்கும் முறையும் மாறவில்லை.

இன்றைய நகல்கள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எம்1 கார்பைன், எம்பி40 போன்றவற்றின் .22 நகல்களைச் சேகரிப்போர் உள்ளனர். அசல் துப்பாக்கிகள் விலை மிகுந்தவை என்பது இதற்கு ஒரு காரணம்.

இந்தியச் சட்டம்

படைக்கலச் சட்டம், 1959இன்படி .22 துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவை. .303 தடை செய்யப்பட்ட அளவு. உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் உரிமமின்றித் தயாரிப்பதற்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை உண்டு. பொழுதுபோக்காகச் செய்தேன் என்பது விலக்கு ஆகாது.