கடனாளியின் கணக்கேடு

"வங்குரோத்து" என்னும் சொல்லை 2022-ஆம் ஆண்டுக்கு முன்னர் நம் இல்லங்களில் அதிகம் பேசியிருக்க மாட்டோம். அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பாலானவற்றைச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அன்று முதல் மலைநாட்டு லயங்களிலும் அச்சொல் குடிபுகுந்துவிட்டது. நாடு நொடித்தால் கைகொடுக்கச் சர்வதேச நாணய நிதியம் உண்டு. கடன் கொடுத்தோருடன் பேசச் சட்ட வல்லுநரும் கணக்கறிஞரும் உண்டு. ஒரு குடும்பம் நொடித்தால் அதற்குக் கைகொடுப்பது யாது? அமெரிக்காவில் வங்குரோத்து வழக்குகளுக்கென்றே கணினி மென்பொருள் செய்யும் நிறுவனங்கள் இக்கேள்விக்கு ஒருவகையில் விடை தந்துள்ளன. அவ்விடையின் பெறுமதியை உணர வேண்டுமாயின், நமது வலப்பனையின் பழங்கதை ஒன்றை முதலில் அறிதல் வேண்டும்.

1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் ஒரு நோய் தென்பட்டது. இலையின் அடிப்புறத்தில் துருவைப்போன்ற மஞ்சட் பொடி படியும். பின்னர் இலை உதிரும். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிச் செல்வம் ஏறக்குறைய முற்றாக அழிந்தது. துரைமார் தோட்டங்கள் மட்டுமல்ல, சிங்களக் கிராமத்தவர் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்த கோப்பியும் பாழாயிற்று. அவர்களுக்குக் கைக்காசு தந்தது அக்கோப்பியே.

அக்காலத்தில் நெல் வயலுக்கு அரசாங்கம் வரி விதித்திருந்தது. 1878-ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டத்தின்படி ஒவ்வொரு வயலும் ஏட்டிற் பதியப்பட்டது. வரியைப் பணமாகச் செலுத்தும் முறை வலுப்பெற்றது. கோப்பி போனபின் பணத்துக்கு எங்கே போவது? பாக்கி விழுந்தது, வயல்கள் ஏலத்துக்கு வந்தன. 1880-களில் வலப்பனையில் எத்தனையோ குடும்பங்கள் சொற்ப பாக்கிக்காகப் பரம்பரை வயலை இழந்து, உண்ண வழியின்றி அலைந்தன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இவ்வவலத்தை வெளிப்படுத்தினார். வாதம் இலண்டன் வரையில் எட்டிற்று. ஈற்றில் 1892-இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஒழித்த நேரத்தில், விற்ற வயல்கள் விற்றவையாகவே இருந்தன.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஏடு இருந்தது; அதில் பாக்கியும் இருந்தது. அதைக் கட்டுதற்கு உழவனிடம் என்ன எஞ்சியுள்ளது, அவன் குடும்பம் உண்பது எதனை என்னும் வினாக்களுக்குத்தான் அந்த ஏட்டில் இடம் இருக்கவில்லை.

அதே காலத்தில் பெரியவர்களும் நொடித்தார்கள். தோட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த ஓரியண்டல் பாங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அதன் நோட்டுகள் ஊரெங்கும் புழங்கியமையால், தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று அறிவித்து மக்களின் பீதியைத் தணித்தார். தோட்டத் தொழிலாளரின் நிலுவைக் கூலியைத் தோட்டத்தின்மீது முதற் பொறுப்பாக்கும் சட்டமும் அவ்வாண்டில் வந்தது. முறிந்த வணிகருக்கோ 1853-ஆம் ஆண்டிலேயே கடனிறுக்க வகையற்றோர் சட்டம் ஒன்று இருந்தது. ஆகவே, முறிந்தவருக்கு முறையான வழி வகுப்பது அக்காலத்திலும் இயலாத காரியமன்று. வலப்பனை உழவனுக்கு அவ்வழி எட்டவில்லை என்பதே உண்மை.

நம்மவர் கதையும் இதனின்று வெகுதூரத்தில் இல்லை. தோட்டந்தோறும் "துண்டு" என்று ஒரு சீட்டு வழங்கியதை முதியோர் வாய்மொழியாற் பலர் கேட்டிருப்பர். தொழிலாளர் பட்ட கடன் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அத்தொகையைக் கொடுக்கும் தோட்டம் அவர்களைப் பெற்றுக்கொள்ளும். எழுத்தறியாதவன் தன் கடன் எவ்வளவு என்பதைப் பிறர் கணக்கினின்றே அறிய வேண்டியிருந்தது. அந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இப்பொழுது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே கடனிறுக்க முடியாத தனி மனிதன் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனுப் பதிவான கணத்திலேயே, சில விலக்குகள் நீங்கலாக, வசூல் முயற்சிகள் யாவும் நிற்றல் வேண்டும். ஆனால் மனுவுடன் நீண்ட பட்டியல்கள் இணைக்கப்பட வேண்டும்: உள்ள பொருள், பட்ட கடன், கடன் கொடுத்தோர் பெயரும் விலாசமும், மாத வருவாய், வீட்டுச் செலவு. கடன் கொடுத்தோருள் ஒருவர் பெயர் விடுபட்டால் அக்கடன் தீராமலே நின்றுவிடவுங் கூடும். வாழ்வதற்கு இன்றியமையாத சில பொருள்களைச் சட்டம் கடனாளியிடமே விட்டுவைக்கிறது. அவையும் முறைப்படி குறிக்கப்பட வேண்டும். வலப்பனை ஏட்டில் இல்லாத பத்திகள் இவையன்றோ?

இப்பட்டியல்களைப் பிழையின்றி நிரப்ப வழக்கறிஞர்க்கு உதவுவதே அம்மென்பொருளின் தொழில். ஒருமுறை எழுதிய விவரத்தை அது வேண்டிய படிவங்களிலெல்லாம் சேர்க்கும், கூட்டித் தரும், நீதிமன்றத்துக்கு மின்வழியே அனுப்பவும் துணைசெய்யும். எனினும் ஒருமுறை செய்து விற்றதோடு அதன் கடமை முடிவதில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தின் வருவாயை அளந்து பார்க்கும் புதிய சோதனையைக் கொண்டுவந்தது. 2015 டிசெம்பரில் படிவங்களே பெரும்பாலும் மாறின. சட்டத்திலுள்ள தொகைகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் முதல் நாளில் திருத்தப்படுகின்றன. 2025-இலும் அவ்வாறே திருத்தப்பட்டன. பழைய தொகையுடன் மனு போனால் பாதிக்கப்படுவது இயந்திரமன்று, ஒரு குடும்பம். ஆதலால் திருத்தங்களை உரிய நாளில் அனுப்புவதும், என்ன மாறிற்று என்று விளக்குவதும், ஐயம் கேட்போர்க்கு விடையளிப்பதும் அந்நிறுவனங்களின் அன்றாடக் கடமையாயின.

இயந்திரத்தை வியந்து நின்றுவிடுதல் தகாது. இட்ட விவரத்தையே அது கணக்கிடும், இடாததை அறியாது. பொய்யான பட்டியலைத் துரிதமாகத் தயாரித்தாலும் அது பொய்ப் பட்டியலே. மென்பொருளின் பயன் முழுவதும் கடனாளி தன் நிலைமையை ஒளியாது எழுதுவதில்தான் அடங்கியுள்ளது.

இவ்வளவில் நாமும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குக் கணினி வேண்டியதில்லை. ராகலையிலும் உடப்புசல்லாவையிலும் ஒரு குடும்பத்தின் கடன் பல இடங்களிற் சிதறிக் கிடக்கிறது: கடைப் பற்று, அடகு, தீபாவளி முற்பணம், சீட்டு, வாரத் தவணைக் கடன். ஒவ்வொன்றும் சிறிதாகவே தோன்றும். பாடசாலை செல்லும் பிள்ளை ஒரு கொப்பியை எடுத்து, யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டிக்கு, என்று முடியும் என்பவற்றை எழுதட்டும். மறுபக்கத்தில் வீட்டின் வருவாயையும், உணவுக்கும் மருந்துக்கும் படிப்புக்கும் கட்டாயம் வேண்டியதையும் எழுதட்டும். செலுத்திய பணத்துக்குரிய பற்றுச்சீட்டுகளை அதிலேயே பத்திரப்படுத்தட்டும். கையொப்பமிடுமுன் பத்திரத்தைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டட்டும்.

அக்கொப்பி கடனை அடைத்துவிடாது. ஆயினும் கடன் கொடுத்தவர் முன்னிலையில் தவணை மாற்றிக் கேட்கவும், ஆலோசனை நாடிச் சட்டம் அறிந்தவரிடம் செல்லவும் அது துணையாகும். தன் கடனைத் தானே எழுதி வைத்திருப்பவன் பிறர் சொல்லும் தொகைக்குத் தலையசைக்க வேண்டியதில்லை.