சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு பேண்டு போகட்டும்

சிங்கப்பூரின் சைனாடவுன் தெருக்களுக்கு வாத்தியக் குழுக்கள் புதிதல்ல. சாகோ லேனில், சாகும் தறுவாயில் உள்ளவர்கள் தங்கும் சாவு வீடுகள் இருந்த காலத்தில் வசதியுள்ள சீனக் குடும்பங்கள் சவ ஊர்வலத்துக்கு மேற்கத்திய பித்தளை வாத்தியக் குழுவை அமர்த்தும். டிரம்பட்டும் பெரிய டிரம்மும் முன்னே போக, சாக்குத் துணி உடுத்தியவர்கள் பின்னே நடப்பார்கள். 1961இல் சாவு வீடுகளை அரசு தடை செய்தது. கூப்பிடு தூரத்தில், சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில். அங்கே நாகசுரமும் தவிலும். தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டியார்களின் வெள்ளி ரதம் கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு வரும். ஆக, நடந்துகொண்டே வாசிப்பதும் நின்று கேட்பதும் இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம்.

இந்தத் தெருக்களுக்குத்தான் 1966 ஆகஸ்டு 9 அன்று புதிய நாட்டின் முதல் தேசிய தின அணிவகுப்பும் வந்தது. இன்று அணிவகுப்பைப் பார்க்க நுழைவுச்சீட்டுக்குக் குலுக்கல் நடக்கிறது. அன்று அது பாடாங் திடலோடு முடியவில்லை. மரியாதை முடிந்ததும் அணிகள் நகரத் தெருக்களில் இறங்கின. சைனாடவுன் கடைவீடுகளின் மாடிச் சன்னல்களில் துணி காயும் மூங்கில் கழிகளுக்கு இடையே தலைகள் நிறைந்திருந்தன. 1968 அணிவகுப்பில் கொட்டித் தீர்த்த மழையிலும் பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றதைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். மழை என்றால் டிரம்காரருக்குத் தனிக் கவலை உண்டு. தோல் கட்டிய டிரம் நனைந்தால் தொய்ந்துபோகும், அடி எழும்பாது. பிளாஸ்டிக் தலை வந்த பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்தது.

பள்ளிகளில் பேண்டு பரவியதும் அந்த ஆண்டுகளில்தான். தமிழும் சீனமும் மலாயும் ஆங்கிலமும் தனித்தனிப் பள்ளிகளாகப் பிரிந்து கிடந்த நாட்டில், பிள்ளைகளை ஒரே காலடியில் நடக்க வைக்க வேண்டும் என்று அரசு நினைத்தது. 1967இல் சிங்கப்பூர் இளையர் விழா தொடங்கியது. அதற்கு வெகு முன்பே பாய்ஸ் பிரிகேட் சிறுவர்கள் பியூகிள் ஊதிக்கொண்டு நடந்தார்கள். கிளாஸ்கோவில் 1883இல் பிறந்த அந்த இயக்கத்தை ஜேம்ஸ் மில்னர் ஃப்ரேசர் 1930 சனவரியில் பிரின்செப் ஸ்திரீட் தேவாலயத்தில் இங்கே நிறுவினார்.

நான் எண்பதுகளில் பேண்டில் சேர்ந்தேன். வீடு ஜாலான் குக்கோவில். முதல் வருடம் கையில் கொடுத்தது பியூகிள். நாகசுரத்துக்கு ஏழு துளை உண்டு, விரல் வேலை செய்யும். பியூகிளில் துளையும் இல்லை, விசையும் இல்லை. உதட்டை இறுக்குவதும் தளர்த்துவதும்தான் வாசிப்பு. வசமாக வருவது ஐந்தே சுரங்கள். மேலே போகப் போக உதடு நடுங்கும். ஒரு நாள் விட்டாலும் மறுநாள் அந்த மேல் சுரம் வராது. வீட்டில் ஊதினால் அம்மா, "ஐயா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ராத்திரி வேலைக்குப் போய்ட்டு வந்து தூங்குறாங்க, கீழ போய் ஊது" என்பார். புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் சீனத் தாத்தாக்கள் தலை நிமிராமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். சுரம் சரியாக விழுந்தால் மட்டும் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்.

சனிக்கிழமை பயிற்சி. பிராஸோ போட்டு பியூகிளைத் துடைப்பது, காலணிக்குக் கிவி பாலிஷ், பிறகு வெயில். கட்டளைகள் மலாயில்: செடியா, செனாங் டிரி, சிப்பாட் ஜாலான். வகுப்பில் மலாய் தெரியாத பையனும் இந்தச் சொற்களுக்கு உடம்பால் பதில் சொல்லுவான். ஒரு காலடிக்கு 30 அங்குலம். பேண்டு மாஸ்டர் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அளந்து நடக்க வைத்தார்.

நேராக நடப்பது சுலபம், திரும்புவதுதான் கடினம். ஐந்து பேர் வரிசை ஒன்று தெருமுனையில் திரும்பும்போது உள்பக்கத்துப் பையன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டும். வெளிப்பக்கத்தவன் முழு எட்டு வைக்க வேண்டும். நடுவில் உள்ள மூவரும் ஆளுக்கொரு அளவு. ஐந்து பேரும் கடைக்கண்ணால் ஒரே கோட்டைக் காக்க வேண்டும், வாயில் வாத்தியம் இருக்க வேண்டும், பாட்டு நிற்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்குக் கதவு ஒன்று சுழல்வதுபோல் தெரியும். அந்த ஒரு திருப்பத்துக்கு நாங்கள் பல வாரங்கள் செலவிட்டோம்.

காது செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 30 மீட்டர் நீளமுள்ள அணியில் பின்னால் அடித்த டிரம் முன்வரிசைக்குக் கேட்க நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் ஓர் அடிக்கு அரை நொடி. அப்படியானால் ஆறில் ஒரு பங்கு பிந்திவிடுகிறது. கேட்கும் ஒலியோடு சேர்ந்து ஊதினால் முன்வரிசை ஒரு பக்கம், பின்வரிசை ஒரு பக்கம் என்று பாட்டு கிழிந்துபோகும். டிரம் மேஜரின் கோலில் எப்போது கண் வைப்பது, டிரம்முக்கு எப்போது காது கொடுப்பது என்று பழகிக்கொள்வதுதான் பேண்டுக்காரனின் படிப்பு. இரண்டு பக்கமும் கடைவீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும். அங்கே வாசித்தவர்களுக்குத் திறந்த மைதானம் விளையாட்டு.

பள்ளிப் பேண்டுகளின் போட்டிக்குத் திடலில் வேறு கலை தேவைப்பட்டது. நடந்தபடியே வட்டம், வைரம், விசிறி என்று உருவங்கள் விரிந்து கலைய வேண்டும். இங்கே அதை 'டிஸ்ப்ளே பேண்டு' என்பார்கள். டெயி உயர்நிலைப் பள்ளி போன்றவை அதற்குப் பேர்போனவை. மாஸ்டர் ஒருநாள் வீடியோ நாடா ஒன்று கொண்டுவந்து போட்டார். அமெரிக்க டிரம் அண்ட் பியூகிள் கோர் போட்டி. நாங்கள் வாயடைத்துப்போனோம்.

அந்தக் கலையின் வேர் போர்வீரர்களிடம் இருக்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் சங்கங்கள் பியூகிளும் டிரம்மும் வைத்துக் குழுக்கள் அமைத்தன. ஊருக்கு ஊர் போட்டி வந்தது, பிள்ளைகள் சேர்ந்தார்கள். 1971இல் முன்னணிக் குழுக்கள் சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை நிறுவின. மறு ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்த முதல் இறுதிப் போட்டியில் கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. பழைய முறையில் நடுவர்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பிசகுக்கும் பத்தில் ஒரு புள்ளி கழிப்பார்கள். 1984இல் அதைக் கைவிட்டு, எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று கூட்டிப் போடும் முறைக்கு மாறினார்கள். 2000 முதல் பழைய ஜி சுருதி பியூகிள்தான் வேண்டும் என்ற விதியும் போயிற்று. பெயரில் மட்டும் பியூகிள் நிலைத்திருக்கிறது.

எனக்கு நாடாவில் பிடித்தது உருவங்கள் அல்ல, பித்தளைக் குழு ஒட்டுமொத்தமாக மக்கள் பக்கம் திரும்பி முழு மூச்சில் ஊதிய கணம். தொலைக்காட்சிப் பெட்டியின் சின்ன ஒலிபெருக்கியிலேயே உடம்பு சிலிர்த்தது. எங்கள் போட்டி நாளில் அந்த அளவுக்கு எங்களால் ஊத முடியவில்லை. ஆனால் அந்தத் திருப்பத்தில், ஐந்து பேர் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு பிசகாமல் சுழன்றபோது, பார்வையாளர் மேடையிலிருந்து எழுந்த கைதட்டல் பியூகிளை மீறிக் கேட்டது. எனக்கு வலப்பக்கம் மலாய் நண்பன், இடப்பக்கம் சீன நண்பன். மூவரின் பெற்றோரும் அடுத்தவர் வீட்டு மொழி அறியாதவர்கள்.

1973ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பட்டாசுத் தடையால் சீனப் புத்தாண்டு களையிழந்ததை ஈடுசெய்ய அந்த ஆண்டு முதல் சிங்கே ஊர்வலம் ஜாலான் புசாரிலிருந்து ஊட்ரம் வரை சென்றது. தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை வந்ததும் அதே ஆண்டில்தான். போட்டிக் குழுக்களுக்கிடையே மூண்ட சண்டைகளே காரணம் என்றார்கள். 2016இல்தான் குறித்த இடங்களில் நேரடி இசைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஒரு தெருவில் மேளம் கிளம்பியது, இன்னொரு தெருவில் அடங்கியது. போட்டி தெருவில் கட்டுமீறினால் சண்டை, மாஸ்டர் ஒருவர் கையில் சேர்ந்தால் கலை. அடக்குவதைவிட ஒழுங்குபடுத்துவது கடினம், ஆனால் பலன் அதில்தான் இருக்கிறது. உறுமி மேளம் அடிக்கும் நம் இளையர்களுக்கும் அப்படியொரு முறையான மேடை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பள்ளிப் பேண்டுகளோ இன்று அரங்குக்குள் போய்விட்டன. சிங்கே மரினா பே பக்கம் கட்டண இருக்கைகளுக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது. இளையர் விழாப் போட்டி 2013 முதல் 'கலைப் படைப்பு' என்று பெயர் மாறி, தங்கம் வெள்ளிக்குப் பதில் சான்றிதழ் தருகிறது. பிள்ளைகள் மீதான அழுத்தம் குறைந்தது நல்லதே. ஆனால் சீட்டு வாங்காத, தற்செயலாக நின்ற ஒருவர் முன்னால் வாசிக்கும் வாய்ப்பும் குறைந்துவிட்டது. நடந்து வாசிக்கும் இசை அவருக்காகவே உருவானது.

தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் சாலைகளை மூடிப் பழகிய ஊர் இது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம், சவுத் பிரிட்ஜ் சாலையை மூடிப் பள்ளிப் பேண்டுகளுக்கு விடுங்கள் என்று கல்வி அமைச்சையும் மக்கள் கழகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். மாரியம்மன் கோயிலிலிருந்து கிராஸ் ஸ்திரீட் முனைவரை போதும், அங்கே ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. உங்கள் பிள்ளை பேண்டில் சேர ஆசைப்பட்டால், டியூஷனைக் காரணம் காட்டி மறித்துவிடாதீர்கள்.